பொட்டு வைத்த ரோமாபுரிக் காசு

நஞ்சுண்டன் கரூர்க்காரர். அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசு கிடைக்கும் ஊரில் பிறந்தும் அங்கே ஒன்றைக்கூடக் கண்ணால் காணாமல், கலிபோர்னியாவுக்கு வந்து ஏலத்தில் வாங்கிச் சேர்க்கும் மகராசன். அங்கே பிளசன்டன் ஊர் நாணயச் சங்கத்தில் பல வருடமாகக் கடைசி வரிசை ஆள். வாயைத் திறந்தால் கொட்டாவிதான். அந்த வெள்ளிக்கிழமை மாலை முதன்முறையாக ஒரு வெள்ளிக் காசைக் காட்டிப் பேச வேண்டும்.

எடுக்கப் போனால் பெட்டி காலி. காசு சாமி அலமாரியில், விளக்குக்குப் பக்கத்தில் பளபளவென்று இருந்தது. காசில் உட்கார்ந்த கோலத்தில் பொறித்திருந்த பெண்ணுக்குக் குங்குமப் பொட்டு வேறு.

“கறுத்துக் கெடந்துச்சுங்க. விளக்கோட சேத்து விபூதி போட்டுத் தேச்சேன்” என்றாள் மனைவி ஷ்யாமளா. “மகாலட்சுமியை டப்பாவுல போட்டு வைப்பாங்களா?”

நஞ்சுண்டனுக்குத் தலை சுற்றியது. பழங்காசைத் தேய்ப்பதைச் சங்கத்தார் கொலைக்குற்றமாகவே நினைப்பார்கள். இரண்டாயிரம் வருடத்துக் கறுப்புதான் அதற்கு மதிப்பு. ஆனது ஆயிற்று என்று கையை நீட்டினார்.

“விளக்கு வெச்ச நேரத்துல லட்சுமியை வெளிய அனுப்பறதா? சான்ஸே இல்ல!”

“அது லட்சுமி இல்ல. பின்பக்கம் தலை இருக்கே, அவன் தைபீரியஸ், ரோமாபுரி ராஜா. கிளையைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறது அவனோட அம்மான்னு சொல்றாங்க.”

“அப்ப எவளோ ஒருத்தியோட மாமியாருக்கா காலையிலருந்து பூ வெச்சுட்டிருக்கேன்?” ஷ்யாமளாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சரி, பொட்டு வெச்சாச்சு. தனியா அனுப்ப மாட்டேன், நானும் வரேன்.”

கூட்டத்தில் சங்கத் தலைவரான வெள்ளைக்காரப் பெரியவர் லென்ஸை வைத்துப் பார்த்ததும் முகம் சுளித்தார். யார் இதைத் தேய்த்தது என்றார். நஞ்சுண்டன் மனப்பாடம் செய்த பேச்சு காற்றில் போயிற்று. வேறு வழியில்லாமல் நடந்ததை அப்படியே சொன்னார். மாமியார் பேச்சு வந்த இடத்தில் அறையே சிரித்தது. கேள்வி மேல் கேள்வி. கரூர் ஆறு, மிளகு ஏற்றிப் போன கப்பல் என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். கட்டடத்தைப் பூட்ட ஆள் வந்த பிறகுதான் நிறுத்தினார்.

காரில் ஷ்யாமளாவின் குரல் இறங்கியிருந்தது. “தேச்சதுல மதிப்பு போயிடுச்சுன்னு அந்த அங்கிள் சொன்னாரே, நெஜமாவா?”

“பாதிக்கு மேல போச்சு.”

“சாரிங்க.”

ஃப்ரீவேயில் ஏறும்வரை கோபம் வருமென்று பார்த்தார், வரவில்லை. கறுப்பாக இருந்த வரையில் அந்தக் காசைப் பற்றி அவர் ஒருவரிடமும் பேசியதில்லை. மனசு நிறைந்திருந்தது.

“அடுத்த மாசம் வேற காசு கொண்டு வரணுமாம். உன்னையும் கண்டிப்பா கூட்டிட்டு வரச் சொன்னாங்க.”

“வரேன்” என்றாள். “இந்த வாட்டி உங்களக் கேட்டுட்டுத் தேய்க்கறேன்.”