பிரேக் ஆயில்

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக் இன்ஜின் ஆயிலைத் திறந்துவிட்டார். கருத்த எண்ணெயின் தீய்ந்த வாடை எழுந்ததும் அப்பாவின் வேன் நினைவுக்கு வந்தது.

செராமிக் அகல் விளக்குகளையும் பொம்மைகளையும் வைக்கோலில் பொதிந்து, அந்த வேனில் அப்பா ஊர் ஊராகக் கொண்டுபோவார். இன்ஜின் ஆயிலைத் தவறாமல் மாற்றுவார். பிரேக் ஆயிலைத்தான் தள்ளிப்போட்டார்.

“பிரேக்கு அடி வரைக்கும் போவுதுன்னு நீங்கதான சொன்னீங்க? மாத்திடுங்க” என்றாள் அம்மா.

“இந்த லோடு போயிட்டு வந்து மாத்திக்கலாம்.”

கருவேப்பிலங்குறிச்சியில் இருந்த சித்தியைப் பார்க்க அம்மாவும் அந்த வண்டியிலேயே போனாள். ஊருக்கு முந்தைய வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. அப்பா மட்டும் திரும்பி வந்தார்.

நொறுங்கிய வேனை வாசலிலேயே வைத்துக்கொண்டு, மாதாமாதம் அதற்குப் புது பிரேக் ஆயில் ஊற்றினார்.

“அது இனிமே ஓடாதுப்பா” என்றேன். எனக்கு அப்போது பத்து வயது.

“தெரியும்மா” என்றார்.

மெக்கானிக் கூப்பிட்டார். “பிரேக் ஆயிலு நல்லாதான் இருக்குதுக்கா. அடுத்த சர்வீசுல பாத்துக்கலாமா?”

“இப்பவே மாத்திடுங்க” என்றேன்.

எதை மாற்றினாலும் அந்த வளைவுப் பக்கம் மட்டும் என்னால் போக முடிவதில்லை. சித்தி செத்தபோதுகூட நான் போகவில்லை.