கூடைக்குள் எரிந்த பல்பு

இதைக் கதையென்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படித்துவிட்டுப் போகலாம். வார்சிதோவின் எதிரில் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லிவிட வேண்டாம். பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். நடந்தது அவனுக்கு.

அவன் லேசில் பயப்படுகிற ஆளும் இல்லை. நிலத் தரகன். மயானத்தை ஒட்டிய மனையைக்கூட 'அமைதியான சூழல்' என்று எழுதி விற்றவன். ஜாவாவின் தெற்குக் கரை மலைகளில் அவன் பைக் ஏறாத கிராமம் குறைவு. எத்தனை வீடு, தண்ணீர் எங்கே, பாதை எவ்வளவு அகலம், யார் விற்பார், யார் முரண்டு பிடிப்பார், பத்து வருடத்தில் மனை என்ன விலை போகும் என்றெல்லாம் எழுதி, படமும் பிடித்து நகரத்து நிறுவனம் ஒன்றுக்கு அனுப்புவான். அதுதான் பிழைப்பு.

கெபோன்வுனி கிராமத்துக்கும் அப்படித்தான் போனான். அந்த அறிக்கையை அவன் இன்றுவரை முடிக்கவில்லை.

அன்று காலை கிளம்பும் முன் தன் வீட்டு வாசலில் குனிந்து, மூங்கில் கூடையைத் தூக்கிப் பார்த்தான். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

எட்டு வருடம் காத்திருந்து பிறந்த மகள், கினாந்தி. பிறந்து மூன்று வாரம். அவளுடைய நஞ்சுக்கொடியைக் கழுவி, மண்கலயத்தில் வைத்து, வாசலுக்கு இடப்பக்கம் தன் கையால் புதைத்திருந்தான். பெண்ணுக்கு இடம், பையனுக்கு வலம். அந்தப் பக்கத்து அப்பன்கள் எல்லாரும் செய்வதுதான். வயிற்றுக்குள் குழந்தையோடு கூடவே கிடந்த உடன்பிறப்பு அது. இருட்டில் விட்டால் அழும். அது அழுதால் குழந்தையும் அழும். அதனால் முப்பத்தைந்து நாள் அதன்மேல் வெளிச்சம் அணையக் கூடாது. முன்பெல்லாம் எண்ணெய் விளக்கு. இப்போது ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து ஒரு சின்ன பல்பு, மேலே கவிழ்த்த கூடை. வார்சிதோ வீட்டுக் கூடையின் விளிம்பு ஓர் இடத்தில் பிய்ந்திருந்தது. நீல பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தான்.

"கரென்ட் போனா மெழுகுவத்தி ஏத்திடு," என்றான் மனைவியிடம்.

"இதோட நூறு தடவை சொல்லிட்டீங்க," என்றாள் ராத்மி. "கிளம்புங்க."

கெபோன்வுனிக்கு அவனைப் பிடிக்கவில்லை. பிடிக்காததை அது மறைக்கவும் இல்லை. குழாயடியில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நாய்கள் குரைக்கவில்லை, வரிசையாக நின்று பார்த்தன. காலையில் அவன் நட்ட அளவுக் குச்சிகள் மதியத்துக்குள் பிடுங்கப்பட்டு, அவனுடைய பைக் சீட்டின்மேல் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

அந்த ஊரில் இருந்தது ஒரே காப்பிக் கடை. நடத்துகிறவள் கர்சி. பெஞ்சில் நாலு பேர் கிராம்பு சிகரெட்டைப் புகைத்துக்கொண்டு டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தம்பி, நம்ம ஊரு என்ன விலைக்குப் போகுது?" என்றான் ஒருவன், தலை நிமிராமல்.

"எழுதிக்கோ," என்றான் இன்னொருவன். "தண்ணி கிடையாது. ரோடு கிடையாது. பாம்பு மட்டும் தாராளம்."

"மனை வாங்கினா பாம்பு இலவசம்னு போட்டுடு."

சிரித்தார்கள். கண்கள் சிரிக்கவில்லை.

"இந்தப் பக்கம் விரைவுச் சாலை வரப்போகுது, வந்துட்டா நீங்கதாண்ணே முதலாளி," என்றான் வார்சிதோ.

"முதலாளி ஆயிட்டு எங்க தூங்குறது? உன் வீட்டுலயா?"

கர்சி வறுத்த மரவள்ளியைத் தட்டில் வைத்தாள். காப்பியை வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, உன் வீட்டுல பச்சைக் குழந்தை இருக்கா?"

டோமினோ சத்தம் நின்றது.

நாள் முடியாத குழந்தையைப் பற்றி வேற்றூரில் யார் வாய் திறப்பார்? யார் கண் எப்படிப்பட்டதோ. அந்த மண்ணில் எந்த அப்பனும் சொல்லும் பதிலைத்தான் அவனும் சொன்னான்.

"இல்லக்கா. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை."

"நிஜமா?"

"நிஜமா."

காப்பியை வைத்தாள். "எங்க வேணா சுத்து. கடைசி வீட்டுப் பக்கம் மட்டும் போகாத. அங்க யாரும் இல்லை."

யாரும் இல்லை. அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. மலை முனையில் நிற்கும் அந்த ஓட்டு வீட்டிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும், தூரத்தில் கடலும் தெரியும். நிறுவனத்தின் கண்ணும் அந்த மனைமேல்தான். ஆள் வசிக்கும் வீடென்றால் காலில் விழுந்து சம்மதம் வாங்க வேண்டும். ஆளில்லா வீடென்றால் ஊர்த்தலைவர் முத்திரை போதும். பாழடைந்த வாசல் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம். எடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

அவன் போய்ச் சேர்ந்தபோது சூரியன் இறங்கிவிட்டது. கீழே பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு. அந்த நேரத்தில் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஊரில் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் மேலே வரை கேட்டது.

டப்... டப்... டப்...

பைக்கை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

வாசலில் வெளிச்சம்.

ஒரு மூங்கில் கூடை கவிழ்ந்திருந்தது. இடுக்குகளில் மஞ்சள் ஒளி. உள்ளே பல்பு.

'பொய் சொல்லியிருக்காங்க,' என்று பல்லைக் கடித்தான். ஆள் இருக்கிறார்கள். பிரசவமும் ஆகியிருக்கிறது. வாசலுக்கு இடப்பக்கம். பெண் குழந்தை.

"வீட்ல யாரு?"



கதவைத் தட்டினான். உள்ளே தாழ் போட்டிருந்தது. பல்பின் ஒயர் கதவுக்கு அடியில் நுழைந்து உள்ளே போயிற்று.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் படம் விழாது. பல்பு எரிந்தால் படத்துக்கு அர்த்தமே இல்லை. நிமிஷ நேரம்தானே... எடுத்துவிட்டு மறுபடி போட்டுவிடலாம்.

கூடையைத் தள்ளி வைத்தான். பல்பைத் திருகி எடுத்தான்.

அது தப்பென்று அவனே ஒத்துக்கொள்கிறான். நிறுவனம் கண் வைத்த மனை இதுவாக இல்லாவிட்டால் அவன் கை அதற்குப் போயிருக்காது.

படம் எடுத்தான். மூன்று படம். சரியாக அப்போது உள்ளேயிருந்து ஏதோ தரையில் உராயும் சத்தம்... சர்ர்ர்...

பல்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து பைக்கில் ஏறினான்.

பாதி இறக்கத்தில்தான் கவனித்தான். மார்பு சுட்டது. பையில் கிடந்த பல்பு இன்னும் ஆறவில்லை.

போன் அடித்தது. ராத்மி.

"என்னங்க... வாசல் பல்பு அணைஞ்சிடுச்சு."

"கரென்ட் போச்சா?"

"இல்ல. வீடு பூரா எரியுது. இது மட்டும் எரியலை. வேற பல்பு போட்டேன். எரியலை. மெழுகுவத்தி ஏத்தினேன். நிக்க மாட்டேங்குது. யாரோ ஊதுற மாதிரி..."

பின்னால் கினாந்தி அழுதுகொண்டிருந்தாள். பசிக்கு அழுகிற அழுகை இல்லை. மூச்சு இழுத்து, நின்று, நீலம் பாரிக்கிற அழுகை.

"எப்ப அணைஞ்சுது?"

"பாங்கு முடிஞ்ச கையோட. ஏங்க, பாப்பா உடம்பு ஜில்லுனு ஆகுது. எனக்குப் பயமா இருக்கு..."

வார்சிதோ பைக்கைத் திருப்பினான்.

"போனை வைக்காத," என்றான். "பாப்பா பக்கத்துலயே வை."

மேலே ஏறினான். போனில் மகளின் அழுகை. தேக்கு மரங்களுக்கு நடுவே இருட்டு. ஒரு வளைவு. இன்னொரு வளைவு.

இஞ்சினை அணைத்தான்.

அழுகை இரண்டு இடத்திலிருந்து கேட்டது.

ஒன்று போனில்.

ஒன்று வீட்டுக்குள்.

இரண்டும் ஒரே அழுகை. ஒரே இடத்தில் மூச்சு இழுத்தது. ஒரே இடத்தில் நின்றது.

கதவு திறந்திருந்தது.

போன் வெளிச்சத்தைக் கீழே பிடித்தான். ஒயர் வாசற்படி தாண்டி உள்ளே போயிற்று. ஒரு முழம். இரண்டு முழம். அங்கேயே முடிந்தது. தூசித் தரையில் செம்புக் கம்பி பிரிந்து கிடந்தது. எதிலும் செருகியிருக்கவில்லை.

இதிலா எரிந்தது...

உள்ளே யாரோ சமாதானப்படுத்தினார்கள். "ஷ்... ஷ்... ஷ்..."

முழங்காலில் விழுந்தான். பல்பை எடுத்துத் திருகினான். இரண்டு தடவை நழுவியது.

எரியவில்லை.

போனில் அழுகை மெலிந்தது. விக்கல் மாதிரி ஆயிற்று.

"ஏங்க... பாப்பா... கண்ணைத் திறக்க மாட்டேங்குறா..."

"எரியலையே," என்று அவன் அழுதான். "எரியலையே, தாயே..."

இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல். வெகு பக்கத்தில். கோபம் அடங்காத குரல்.

"கூடை."

தடவினான். கையில் பிளாஸ்டிக் கயிறு பட்டது. வெளிச்சத்தில் பார்த்தான்.

நீலக் கயிறு.

அதே முடிச்சு. அவன் போட்ட முடிச்சு.

கவிழ்த்தான்.

மஞ்சள் ஒளி.

"எரியுதுங்க," என்றாள் ராத்மி போனில். "தானா எரியுது... பால் குடிக்கிறா..."

வீட்டுக்குள் அழுகை நின்றிருந்தது. 'சப்... சப்...' என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும்.

அவன் பைக்கை எடுக்கவில்லை. ஓடினான்.

காப்பிக் கடை முனையில் டார்ச்சோடு கர்சி நின்றாள். பின்னால் அந்த நாலு பேர். ஒருவரும் அருகில் வரவில்லை.

"பொய் சொல்லிட்டியே," என்றாள்.

அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றான்.

"பொண்ணா?"

தலையாட்டினான்.

"அந்த வீட்டுக்குக் கரென்டே கிடையாது தம்பி. அங்க இருந்தவ தனியாப் பெத்துப்போட்டுச் செத்தா. புருஷன் வெளியூர்ல. நாலு நாள் மழை, மண் சரிஞ்சு பாதை இல்லை. கொடியைப் புதைக்க ஆளில்லை, வெளிச்சம் வைக்க ஆளில்லை. நாங்க போறப்ப பாப்பாவும் உயிரோட இல்லை."

"அப்ப... யார் அந்த பல்பு..."

"யாரும் இல்லை. பச்சைக் குழந்தையோட அப்பன் இந்த ஊருக்குள்ள வந்தா மட்டும் அங்க வெளிச்சம் வரும். அவன் வீட்டுல நாள் முடிஞ்சதும் தானா அணைஞ்சிடும். எப்படின்னு எங்களுக்கும் தெரியாது. அதனாலதான் வர்றவனை எல்லாம் கேக்குறோம். உள்ளதைச் சொல்லியிருந்தா கடையில இருந்தே திருப்பி அனுப்பியிருப்போம்."

"எழுதிக்கோ," என்றான் டோமினோ ஆடினவன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் வார்சிதோ படங்களை அழித்தான். அந்த ஊர் வேண்டாம் என்று நிறுவனத்திடம் சொன்னான். காரணம் கேட்டார்கள். தண்ணீர் இல்லை என்றான்.

நாட்கள் போயின. கினாந்தி நன்றாகப் பால் குடித்தாள். சதை போட்டாள். முப்பத்தைந்தாம் நாள் சோறு சமைத்துத் தெருவுக்குப் பங்கிட்டார்கள். துஆ ஓதினார்கள். வார்சிதோ தன் கையால் பல்பைக் கழற்றினான். கூடையை அடுப்பில் போட்டு எரித்தான். நீலக் கயிறு உருகி நாறியது.

அன்று ராத்திரி அவனுடைய நம்பரை வாங்கி வைத்திருந்த கர்சி, அடுத்த நாள் சாயங்காலம் போன் செய்தாள்.

"உங்க வீட்ல நாள் முடிஞ்சுதா தம்பி?"

"முடிஞ்சுதுக்கா. நேத்தே வெளிச்சத்தை எடுத்துட்டோம்."

அந்தப் பக்கம் கதவுகள் சாத்தப்படுவது தூரத்தில் கேட்டது. டப்... டப்...

"இங்க இன்னும் எரியுது தம்பி," என்றாள்.