மண் பார்க்கும் கை

செருப்பை வெளியே விட்டுவிட்டு, குஸ்திக் கூடத்தின் தாழ்ந்த வாசலில் குனிந்து உள்ளே நுழைந்ததும் லிங்கப்பன் யாரையும் பார்ப்பதில்லை. சுவரில் இருக்கும் அனுமார் படத்துக்குக்கூட அப்புறம்தான் கும்பிடு. நேரே குஸ்திக் குழியின் ஓரத்துக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலது கையின் விரல்களைச் சேர்த்துச் செம்மண்ணுக்குள் இறக்குகிறார். மணிக்கட்டு வரை தடையில்லாமல் போனால் ஒரு தலையாட்டல். ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பார். எண்ணெயும் மஞ்சளும் மோரும் ஊறிய வாசனை வந்தால் இன்னொரு தலையாட்டல். விரல் பாதியில் நின்றுவிட்டாலோ, எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "இது தரைங்க. மண்ணில்ல" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விடுவார்.

சில இடங்களில் வசவு விழும். ஒரு பயில்வான் கர்லாக்கட்டையைச் சுழற்றுவதை நிறுத்தாமலே, "உனக்கென்னய்யா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று கேட்டான். "பொண்ணுன்னா ஆத்திர அவசரத்துக்குப் பாக்காமக் கட்டிக்கலாமுங்க" என்றார் லிங்கப்பன்.

குஸ்திப் பயிற்சிக் கூடத்துக்கு மைசூரில் கரடி மனை என்று பெயர். கன்னடத்துக் கரடிக்கும் காட்டுக் கரடிக்கும் சம்பந்தமில்லை. கோயமுத்தூர் ஜில்லா கொள்ளேகாலம் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்த புதிதில், மகன் நஞ்சுண்டசாமி, "கரடி மனைக்குப் போறேனுங்கப்பா" என்று சொன்னபோது, "கரடி கடிச்சுப் போட்டா யாருடா பாக்கறது?" என்று லிங்கப்பன் பதறிக் கேட்டதை மார்க்கெட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, "நான் கேட்டது செரிதானுங்க" என்பார். அத்துடன் மற்றவர்களின் சிரிப்பும் நின்றுவிடும்.

தேவராஜ மார்க்கெட்டில் அவருக்கு வெற்றிலைக் கடை. கடை என்றால் ஒரு மரப்பலகை, ஈரச் சாக்கு, தண்ணீர்ச் செம்பு. வாழைத்தார் சுமந்து சுமந்து ஒரு தோள் மற்றதைவிட இறங்கிப் போன பிறகு வெற்றிலைக்கு மாறினார். கவுளி கட்டும்போது ஒவ்வொரு இலையின் முதுகையும் கட்டைவிரலால் நீவுகிறார். அழுகல் இலை ஒன்று இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும், கண்ணால் பார்ப்பதில்லை. ஐம்பதைத் தாண்டியவர். காது மடலில் முடி. எவ்வளவு குளிரிலும் மேல்துண்டுதான். பக்கத்துப் பூக்கடை ராமக்காள், "லிங்கப்பண்ணனுக்குக் கண்ணு ரெண்டும் கைவெரல்ல இருக்குது" என்கிறாள்.

கரடி மனையில் சேர நினைக்கிறவர்கள் முதலில் அவரிடம் வந்து கேட்டுவிட்டுப் போவது எப்படியோ வழக்கமாகிவிட்டது. போன ஆவணியில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா ஜகதீசய்யர் வந்தார். ஒல்லியான மனிதர். கோட்டு மட்டும் இல்லையென்றால் காற்றில் போய்விடுவார்.

"டாக்டர் தேகாப்பியாசம் பண்ணச் சொல்லிட்டார், லிங்கப்பா. மண்டி மொஹல்லாவிலே ஒருத்தன், சேர்ந்த அன்னிக்கே லங்கோடு தரேங்கறான். தினம் பாலும் பாதாமும் உண்டாம். பேஷா இருக்கே?"

"பாலு குடுக்கறானுங்களா?"

"சொம்பு நெறைய."

"அப்பப் போகாதீங்க, சாமி. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வெக்கறது கறக்கறதுக்குத்தானுங்க. இப்பப் பாலு ஊத்தறவன் தசராக் குஸ்தியில உங்களை எறக்கி விட்டுருவான்."

"என்னையா? என் உடம்பைப் பாருடாப்பா!"

"எதுத்தாப்பல நிக்கறவனுக்குச் செயிக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா?"

ராமக்காள் பூத்தொடுப்பதை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஜகதீசய்யர் கோபிக்கவில்லை, வெற்றிலை ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு நின்றார். லிங்கப்பன் சாக்கை நனைத்தபடியே பேசிக்கொண்டு போனார். முதல் நாளே நெற்றியில் மண் வைத்துக்கொள்ளக் கூடாது. வாத்தியாரை, அதாவது உஸ்தாத்தை, தேடிக்கொண்டு போகக் கூடாது. அவர் இல்லாத நேரம் பார்த்துப் போக வேண்டும். "உஸ்தாத் இருக்கறப்ப எல்லா மனையும் நல்ல மனைதானுங்க. கோப்பை வாங்கினவனைக் கூப்புட்டுக் காட்டுவானுங்க. அவனைப் பாக்காதீங்க. அடிபட்டவன் எங்கெ இருக்கறான்னு கேளுங்க. அவன் வூட்டுக்கு இவங்க போறாங்களான்னு கேளுங்க."

கடைசி வார்த்தையில் குரல் இறங்கியது. ஜகதீசய்யர் விவரம் தெரியாதவர். "உங்காத்திலே யாராவது கரடி மனைக்குப் போயிருக்காளோ?" என்று கேட்டார். லிங்கப்பன் செம்பில் கையை விட்டு இலைமேல் தண்ணீர் தெளித்தார். தெளித்துக்கொண்டே இருந்தார். "சாமி, மல்லி நல்லா இருக்குது பாருங்க" என்றாள் ராமக்காள் அவசரமாக.

நெற்றி மண் விஷயம் இந்த ஊர்ப் பழக்கம். உஸ்தாத் குழியிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து ஒருவன் நெற்றியில் இட்டுவிட்டால், அன்றிலிருந்து அவன் அந்த மனைக்காரன். மற்ற மனைகள் அவனை லேசில் சேர்க்காது. மனை மாறுகிறவனுக்கு வைக்கும் பெயர் வீட்டில் உச்சரிக்க முடியாத பெயர்.

நஞ்சுண்டசாமிக்காக மனை தேடி அலைந்தது லிங்கப்பன்தான். சில இடங்களில் கன்னடம், சில இடங்களில் உருது. இரண்டும் அப்போது அவருக்கு அரைகுறை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் உஸ்தாத் எழுந்து வந்து, "வாங்கண்ணா, நம்முளுக்கு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார். அவர் பெயர் கெம்பையன், கொள்ளேகாலத்தை அடுத்த ஹனூர்ப் பக்கத்துக்காரர். அவ்வளவுதான். லிங்கப்பன் அங்கே கூரையைப் பார்க்கவில்லை, குழியைப் பார்க்கவில்லை. ஊர் மழை, ராகி விளைச்சல், மாதேசுவரன் மலைத் தேர் என்று இருவரும் பேசிக்கொண்டிருக்க, மகன் நெற்றியில் அன்றைக்கே மண் ஏறியது.

சில மாதம் கழித்துப் பையன் சொன்னான்: "அப்பா, அங்கெ மண்ணைக் கொத்தறதே இல்லீங்க. வுழுந்தா எலும்பு காந்துது. மண்டி மொஹல்லாவுக்கு மாறிக்கிறேனுங்க."

"நம்ம பேச்சுப் பேசற மனுசனை வுட்டுப்போட்டா? நாளைக்கு அவரு மூஞ்சியில எப்படிறா முழிக்கறது?" என்றார் அப்பா.

அந்த வருஷத் தசராவுக்கு முந்தைய பயிற்சியில், முறையான பிடிதான், ஒருவன் தூக்கிப் போட்டான். நஞ்சுண்டசாமி பிடரி அடிபட விழுந்தான். மண் இறுகிக் கிடந்தது. கழுத்துக்குக் கீழே இருந்த உடம்பு அன்றோடு அவன் சொல் கேட்பதில்லை.

கெம்பையன் வந்தார். தன் ஆட்களோடு வந்தார், தனியாகவும் வந்தார். ஒருமுறை பழக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்து முனையில் வெயில் இறங்கும் வரை நின்றார். லிங்கப்பன் ஒருவரையும் வாசல் தாண்ட விடவில்லை. அதற்கப்புறம் லிங்கப்பனின் கை நகரத்தில் இருக்கிற எல்லாக் குழிகளுக்குள்ளும் போய் வந்திருக்கிறது. அந்த ஒன்றில் மட்டும் இல்லை.

வீட்டில் கயிற்றுக் கட்டிலில் நஞ்சுண்டசாமி கிடக்கிறான். ஒரு காலத்தில் இரண்டு வாழைத்தாரை ஒன்றாகத் தோளில் போட்டு நடந்தவன். இப்போது முட்டி எலும்புதான் உடம்பிலேயே தடித்தது. குரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா சென்னம்மா ஊட்டுவாள், புரட்டிப் படுக்கவைப்பாள். உடம்பு துடைப்பது அப்பாவின் வேலை. கடை கட்டி வந்ததும் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிவார். மகன் அந்த நேரத்தில்தான் கேட்பான்.

"இன்னைக்கு எந்த மனைங்கப்பா?"

"நசர்பாத்துல ஒண்ணு."

"கை எவ்வளவு போச்சுங்க?"

"மணிக்கட்டு."

"அப்ப நல்ல மனைங்க. நான் மாறிக்கட்டுங்களா?"

லிங்கப்பன் பிழிந்த துணியை மறுபடி பிழிவார். தண்ணீர் ஒன்றும் வராது.

இந்த மழைக்காலத்தில் முதுகுப் புண் எலும்பைத் தொட்டுவிட்டது. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, பிறகு விடாமல் இருந்தது. டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, வெளியே செருப்பு மாட்டிக்கொண்டே, "தசரா தாண்டட்டும், பார்க்கலாம்" என்று கன்னடத்தில் சொன்னார். சென்னம்மாவுக்குக் கன்னடம் முழுவதும் வராது. ஆனால் இது விளங்கியது.

அன்றிரவோ மறுநாளோ, மகன் அவளிடம் கேட்டான். "அம்மா, ஆயுத பூசைக்கு என்னை ஒருக்கா மனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க."

"எதுக்கு சாமி?"

"குழிய வுட்டு ஏர்றப்ப மண்ணைத் தொட்டு நெத்தியில வெச்சுக் கும்புட்டுட்டுத்தான் ஏறோணுமுங்க. அன்னைக்கு அப்படியே தூக்கிட்டு வந்துட்டாங்க. நான் கும்புடலை. இன்னும் அதுக்குள்ளாறயே கெடக்கற மாதிரி இருக்குதுங்கம்மா."

சென்னம்மா இதைக் கணவரிடம் சொன்னபோது அவர் தட்டில் கை வைத்திருந்தார். "அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்" என்றார்.

"உங்களை யாருங்க கூப்புட்டா? நெத்தியில மண்ணு வெச்சுக்கிட்டது அவன். நீங்க வெச்சுக்கிலீங்க. அவனுக்கில்லாத கோவம் உங்களுக்கு என்னத்துக்குங்க?"

"மண்ணைக் கொத்தாமப் போட்டவனுங்க அவனுங்க."

"ஊர்ல இருக்கற குழியிலெல்லாம் கைய வுட்டுப் பாக்கறீங்க. அந்த ஒண்ணுல வுடறதுக்குப் பயமுங்க உங்களுக்கு. இப்பக் கை உள்ள போயிருச்சுன்னா அப்பறம் யார் மேல கோவிச்சுக்கறதுன்னு பயம்."

கட்டிலில் கிடந்த மகன் தூங்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். லிங்கப்பன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார். மறுநாள் கடையில் கவுளியை இரண்டுமுறை தப்பாகக் கட்டி, அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். கடை கட்டும் நேரத்தில் ராமக்காளிடம், முகத்தைப் பார்க்காமல், "கெம்பையனுக்குப் பூசைப் பூவு நீதான குடுக்கறே? நாலு ஆளு அனுப்பச் சொல்லு" என்றார்.

ஆயுத பூசையன்று நாலு பேர் வந்தார்கள். குளித்துத் திருநீறு பூசி, கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல் ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் ஒருவன் நஞ்சுண்டசாமியை அன்றைக்குத் தூக்கிப் போட்ட தொட்டையன். கட்டிலின் எந்தக் காலைப் பிடிப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தான். "தலைமாட்டுல புடிடா. உனக்கு அந்தப் பக்கந்தான் பழக்கம்" என்றான் நஞ்சுண்டசாமி. தொட்டையனைத் தவிர மற்றவர்கள் சிரித்தார்கள்.

மனையின் வாசல் தாழ்ந்தது, கட்டில் நுழையாது. ஜமக்காளத்தில் மாற்றி, நாலு முனையையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, குனிந்து உள்ளே கொண்டுபோனார்கள். பெண்கள் உள்ளே போவதில்லை. சென்னம்மா வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஊதுவத்திப் புகை. குழியின் நடுவில் மண்ணைக் கோபுரமாகக் குவித்து மஞ்சளும் குங்குமமும் வைத்து, ராமக்காள் கொடுத்த சாமந்தியைச் சுற்றியிருந்தார்கள். கெம்பையன் சுவரோரம் கைகட்டி நின்றார். ஆள் மெலிந்து போயிருந்தார். லிங்கப்பனைப் பார்த்து, "வாங்கண்ணா" என்றார். "நேத்துலருந்து கொத்தினோமுங்க" என்றார் பிறகு.

லிங்கப்பன் செருப்பை எப்போது கழற்றினார் என்று யாரும் பார்க்கவில்லை. குழிக்குள் இறங்கி, குவியலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரல்களைச் சேர்த்துக் கையை இறக்கினார். மணிக்கட்டு மறைந்தது. முழங்கைக்குக் கிட்டே போய்த்தான் நின்றது. அவர் தலையாட்டவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஜமக்காளத்தின் முனைகள் நாலும் நடுங்க ஆரம்பித்தன. "அப்பா, இவனுங்களுக்குக் கை வலிக்குதுங்க" என்றான் நஞ்சுண்டசாமி மேலிருந்து. "எவ்வளவு போச்சுங்க?"

"போச்சு, சாமி. எறக்கச் சொல்லு."

அவர்கள் மெல்ல இறக்கினார்கள். முதலில் கால், பிறகு இடுப்பு. தலை வந்து சேரும் இடத்தில் லிங்கப்பன் இருந்தார். கெம்பையன் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணெடுத்து நஞ்சுண்டசாமியின் நெற்றியில் இடும்வரை, லிங்கப்பன் தன் கையை மண்ணுக்குள்ளிருந்து வெளியே எடுக்கவில்லை. உள்ளங்கையை மட்டும் மேல்நோக்கித் திருப்பி, மேல்மண் வரை கொண்டுவந்து, மகனின் பிடரியைத் தாங்கிக்கொண்டிருந்தார்.