கதவடைத்துப் பழக்கிய சொல்

“…அதெல்லாம் சரி உம்மா, ஆனா பிள்ள ‘ஊது’ எண்டு சொல்ல முதல் ஏன் கதவைப் பாக்கிறா?”

பேச்சு கிளினிக்கில் மிஸ் என்னிடம் கேட்டது இது. ஆஸ்பத்திரிக்கு வரும் முஸ்லிம் தாய்மார் எல்லோரையும் அவர் உம்மா என்றுதான் கூப்பிடுவார். அவர் கையில் சவர்க்கார நுரை ஊதும் சின்னப் போத்தல். எதிரே குட்டிக் கதிரையில் நாலரை வயதான என் மகள். ஏழு மாதமாக மிஸ் காத்திருந்த சொல்லை அவள் அப்போதுதான் சொல்லியிருந்தாள். சொல்லுமுன் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு உதடு மட்டும் அசைய, வெறும் மூச்சாக, ‘ஊது’ என்றாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும்.

நான் நிறையக் கதைக்கிறவள். வீட்டில் மெஷின் வைத்துத் தைக்கிறேன். சட்டை கொடுக்க வரும் பெண்கள் சொல்வதையெல்லாம் மனதில் சேர்த்து வைத்துக்கொள்வேன். மகளைப் பற்றிச் சொன்னவையும் அதில் கிடக்கின்றன. “அவட வாப்பாவும் சுணங்கிப் பிந்தித்தான் கதைச்சாராம், பயப்புடாத புள்ள” என்பாள் ஒருத்தி. “உம்மாக்காரி இடம் விட்டாத்தானே மகள் கதைக்கிற” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

முதல் நாளே மிஸ் விளக்கமாகச் சொன்னார். “நான் மாசத்தில ரெண்டு தரம், அரை மணித்தியாலம்தான் பாக்கிறன். மிச்சமெல்லாம் உங்கட வீட்டிலதான். பாடம் மாதிரி வேணாம். குளிக்க வார்க்கக்குள்ள, சோறு குடுக்கக்குள்ள கதைங்க. கேக்க முதல் எதையும் குடுக்காதீங்க, மனசுக்குள்ள அஞ்சு எண்ணிக் காத்திருங்க. வீட்டில இருக்கிற எல்லாரும் ஒரே மாதிரிச் செய்யணும்.”

எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு, மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். எனக்கு மூத்தவளான ராத்தாவின் வீடு, என் வீடு, தங்கைக்கென்று கட்டிப் பூசாமல் நின்ற வீடு, எல்லாம் ஒரே வளவுக்குள். நடுவில் ஒரு கிணறு. மிஸ் சொன்னதைச் செய்ய அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அந்த மாதம்தான் தங்கைக்குப் பாலமுனையிலிருந்து கலியாணப் பேச்சு வந்தது. என்னைப் பெற்ற உம்மா குசினிக்குள், அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

“இஞ்ச பாரு மகள். குடும்பத்தில ஊமப் புள்ள இரிக்காமெண்டு ஒரு கத போனா முடிஞ்சி. தங்கச்சிட காரியம் முடியுமட்டும் கிளினிக்குக்குப் போறத ஆருக்கும் சொல்லாத. ராத்தாக்கும்தான், அவட மாமி வாய் சும்மா இராது.”

“அவ ஊம இல்ல உம்மா.”

“நானா சொல்றன்? ஊர் சொல்லும்.”

இருமலுக்கு மருந்தெடுக்கப் போவதாக ராத்தாவிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து பயிற்சி அறைக்குள் போனது. கதவைச் சாத்தி, சத்தம் வெளியே போகாமல் சீலிங் பேனை வேகமாகச் சுழலவிட்டு, மகளின் காதோடு வாய் வைத்து ‘ஊது’ என்பேன். அவள் சத்தமாக ஏதாவது சொல்ல வந்தால் என் விரல் அவள் உதட்டுக்குப் போய்விடும். கிணற்றடியில் ராத்தாவின் பிள்ளைகள் கத்தி விளையாடுவது கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியே வந்தால் பழையபடிதான். மகள் கையை நீட்டுமுன் ராத்தா தண்ணீர்க் கோப்பையை நீட்டுவா. அவவைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

ஒவ்வொரு முறையும் மிஸ் கேட்பார், “வீட்டில எல்லாரும் செய்றாங்களா?”

“ஓம் மிஸ், எல்லாரும்.” ராத்தா அஞ்சு எண்ணிக் காத்திருந்து தண்ணீர் கொடுத்தா என்று ஒரு கதையும் கட்டிச் சொல்வேன். கதைக்கு எனக்கு என்ன பஞ்சம். அவர் அதை நம்பிக் கொப்பியில் எழுதினார். வீட்டில் இவ்வளவு நடந்தும் பிள்ளைக்குச் சத்தம் வரவில்லையே என்று காதைப் பரிசோதிக்க அனுப்பினார். பிறகு தொண்டையை. இரண்டிலும் பிழை இல்லை. அந்த அலைச்சலில் மட்டும் மூன்று மாதம் போனது.

மகளுக்கு இப்போது எட்டு வயது. வகுப்பில் அவள் குரல் இரண்டாவது வரிசை வாங்குக்கே கேட்காது என்று டீச்சர் சொல்கிறார். தங்கையின் அந்தப் பேச்சும் சரிவரவில்லை. அவர்கள் மாடி வீடு கேட்டார்கள். என் மகளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

அவள் ‘ஊது’ என்று முதன்முதல் சொன்ன அன்று, கிளினிக்கில் இதெல்லாவற்றையும் மிஸ்ஸிடம் சொன்னேன். அறை, பேன், விரல், ராத்தாவைப் பற்றிக் கட்டின கதை, எல்லாம். அவர் கொப்பியை மூடி வைத்தார்.

“நீங்களும் இப்ப மெல்லமாத்தான் சொல்றீங்க உம்மா,” என்றார். “வெளியில ஆர் இருக்கிறா?”

“எங்கட வீட்டு ஒழுங்கைப் பொம்புள ஒராள், நம்பர் துண்டோட இரிக்கா. இருமலுக்கு வந்த எண்டு சொல்லிப்போட்டுத்தான் உள்ள வந்தன்.”

“பிள்ளைக்குச் சொல் வந்திட்டு. கதைக்கிறது ஒளிச்சுச் செய்யிற வேலை எண்டும் நாம பழக்கிட்டம்.”

‘நாம’ என்னாமல் ‘நீங்க’ என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“கதவைத் திறக்கட்டா?” என்று கேட்டார். “நீங்க ஓம் எண்டாத்தான்.”

மகள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள். மிஸ் எனக்காக மனதுக்குள் எண்ணுகிறார் என்று தெரிந்தது. அஞ்சு தாண்டிப் பத்தும் தாண்டியிருக்கும்.

“ஓம்,” என்றேன்.

மிஸ் எழுந்து கதவை அகலத் திறந்தார். அது தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தன் கதிரையை இழுத்து முட்டுக்கொடுத்தார். பிறகு மகளுக்கு எதிரே வெறும் தரையில் உட்கார்ந்து, போத்தலின் மூடியைத் திருகத் தொடங்கினார்.