லீக் பாதியில் வந்தவர்

கடலூரில் நிற்கும் சிதம்பரம் பஸ்ஸின் பின்சீட்டுகளை ஒரு மீனவக் குப்பத்தின் ஃபுட்பால் டீம் நிறைத்திருக்கிறது. கூடவே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியும் ஏறியிருக்கிறது. எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

பஸ் கிளம்பியதும் கூட வந்த ரசிகர்கள் இருவர் சண்டையை ஆரம்பிக்கிறார்கள்.

"லீக் பாதியில ஆள் புடிச்சா என்னா மச்சான் மாறிடப் போவுது?"

"பண்ருட்டிக்காரன் வந்ததுலேருந்து மூணு மேட்சும் நம்மளுது. அதுக்கு முன்ன ஒண்ணாச்சும் ஜெயிச்சோமா?"

"அவன் பந்தையே தொடலியேடா!"

எனக்குத் தலை சுற்றுகிறது. பக்கத்தில் புது பூட்ஸை மடியில் வைத்திருப்பவரிடம், "யாருங்க அந்தப் பண்ருட்டிக்காரர்?" என்று கேட்கிறேன்.

"நான்தாங்க. வந்த அன்னிக்கே கால் சுளுக்கிக்கிச்சு. வெளிய அந்த நாற்காலியில ஒக்காந்தேன், டீம் ஜெயிச்சிடுச்சு. இப்ப கால் சரியாயிடுச்சு. ஆனா ராசியான ஆளு, எழுந்திரிக்காதன்றாங்க."

"ஆடணும்னு கேட்கலையா?"

"கேட்டேங்க. கப்பு வரட்டும், அப்புறம் பாக்கலாம்ன்றாங்க."

டீமை மாற்றியது இவர் வந்ததா, வந்தும் ஆடாததா? எனக்குப் பிடிபடவில்லை. சிதம்பரத்தில் பஸ் நின்றதும் அவர் பூட்ஸை மாட்டி லேஸை இறுக்கிக் கட்டுகிறார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்.