நாலு உப்பு மூட்டையும் ஒரு வான்கோழியும்

ரோஸ்மேரி குபியாக் விலங்குக் காட்சிசாலையின் வரைபடத்தைச் சமையலறை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் வெள்ளரி ஊறுகாய்ப் போத்தல்களைத் தூக்கி வைக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே மார்ச் மாதத்துப் பனி இன்னும் கரையவில்லை. பயணமோ ஜூன் மாதத்தில், பள்ளிக்கூடம் மூடிய பிறகு வருகிற முதல் புதன்கிழமை.

"இன்னும் மூணு மாசம் இருக்கே ரோ" என்றேன்.

"மூணு மாசந்தான் இருக்கு. அந்தச் செவப்புப் பேனாவ எடு."

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. சவுத் பெண்ட் ஊரில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அதே பேருந்தில், பிள்ளைகளை இருக்கையில் உட்கார வைக்கும் வேலை எனக்கு. அவளுக்குச் சாலையைப் பார்க்கத் தெரியும், எனக்குக் கத்தத் தெரியும். வீட்டு சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும்போதும் அவளுடைய இரண்டு கைகளும் முன்னால் நீண்டு எதையோ பிடித்திருக்கும். ஒருமுறை சொல்லிக் காட்டினேன். கைகளைச் சட்டென்று மடியில் வைத்துக்கொண்டாள். விளம்பரம் முடிவதற்குள் பழைய இடத்துக்கே வந்துவிட்டன.

சிகாகோவில் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிற அந்தப் பெரிய காட்சிசாலைக்கு அவள் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகிறாள். பேருந்துப் பணிமனை ஆட்கள், அண்டை வீட்டார், அண்ணன் லென் எல்லாரும் வருவார்கள். மற்றவர்கள் விலங்குகளைப் பார்க்கப் போகிறார்கள். அவள் அந்த நாளையே ஒரு பேருந்துத் தடமாக எழுதிவிடுகிறாள். கரடிக்குப் பன்னிரண்டு நிமிடம், ஒட்டகச்சிவிங்கிக்கு ஒன்பது. எந்தப் பெஞ்சில் எத்தனை மணி வரை நிழல் விழும், எந்தக் கழிப்பறையில் வரிசை நிற்காது, எல்லாம் தாளில் இருக்கும். முடித்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடிப்பாள். சிங்கம் கர்ஜிக்க ஆரம்பித்த நேரம் பார்த்து, "அவன் கத்தறது நமக்குக் கேக்கும், நீ நட" என்று என்னை இழுத்துக்கொண்டு போனவள் இவள்.

அந்தத் தாளைப் பார்த்துச் சிரிப்பவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் என் கணவர் இறந்த ஆண்டில், ஜூன் மாதம் என் கதவிடுக்கில் ஒரு தாள் செருகியிருந்தது. "பெக் – ஐஸ்பெட்டி தூக்க வேண்டும். 7:10க்கு வாசலில் நிற்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தாள். ஆறுதல் சொன்னவர்கள் யாரும் என்னை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரவில்லை. அந்தத் தாள் கொண்டுவந்தது. இன்றுவரை அதற்கு நன்றி சொல்ல வாய்க்கவில்லை. ஐஸ்பெட்டியை மட்டும் ஒன்பது ஆண்டுகளாகத் தூக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் அவளோடு யாரும் விளையாட முடியாது. அது நேரம். எங்கள் ஊர்க் கடிகாரம் சிகாகோ கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ரயில் மேற்கே போகும்போது வழியில் ஏதோ ஒரு சோளக்காட்டில் ஒரு மணி நேரத்தைக் கையில் கொடுப்பார்கள், திரும்பும்போது அதே காட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். எங்களுடையதை வேக நேரம் என்போம், அவர்களுடையதை மெது நேரம் என்போம். மெது நேரத்து ஊர்க் கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், பூட்டிய தேவாலய வாசலில் பரிசுப்பெட்டியோடு நின்றவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு பேர் தேறுவார்கள்.

ரோஸ்மேரியின் சட்டம் சுலபமானது. தாள் முழுவதும் எங்கள் ஊர் நேரம். யாரும் கைக்கடிகாரத்தைத் தொடக் கூடாது. யாரும் போனைப் பார்க்கக் கூடாது, ஏனென்றால் அது அந்தச் சோளக்காட்டைத் தாண்டும்போது யாரையும் கேட்காமல் தானே மாறிக்கொள்ளும். "போன் பொய் சொல்லும்டி. எங்கிட்ட கேளு" என்பாள், ஆண்பிள்ளைகள் கட்டுகிற தன் பெரிய கடிகாரத்தைத் தட்டிக் காட்டி.

இந்த ஆண்டு பட்டியலில் பத்துப் பேர் இல்லை. மூன்றே பேர்.

லென் முப்பது ஆண்டுகள் தபால்காரராக இருந்தவர். ஊரில் அவருக்குத் தெரியாத நாய் கிடையாது. போன நவம்பரில் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. அதன்பிறகு மருத்துவமனையைத் தவிர வேறெங்கும் அவர் போகவில்லை. ஊரே தெரிந்த மனிதர். சக்கர நாற்காலியில் ஊர் தன்னைப் பார்க்கக் கூடாது என்று திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரோஸ்மேரி மாதக்கணக்கில் கெஞ்சினாள். கடைசியில் ஒரு நாள், "ஒரு தடவ" என்றார். சிறிது நேரம் கழித்து, "நல்லா இல்லேன்னா... அப்புறம் கேக்காத."

யார் யார் வரலாம் என்று கேட்டதற்கு, "பெக்" என்றார்.

"அவ எதுக்குடா? வாயாடி."

"அதான். எல்லாரும்... அவளப் பாப்பாங்க."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது என்று நினைக்கிறேன்.

லென்னுக்குப் பிடித்தது கடல்நாய். ஆண்டுதோறும் அதற்கு மீன் போடும் வேளையில் தடுப்புச்சுவரில் சாய்ந்து நின்று ஒரே நகைச்சுவையைச் சொல்வார்: "நாள் பூரா மல்லாந்து கெடக்கான், நேரத்துக்கு மீன் வந்துருது. நல்ல யூனியன்ல சேந்திருக்கான்யா." மீன் போடுவது சிகாகோ நேரப்படி பதினொன்றரை மணிக்கு. தாளில் 12:30 என்று எழுதி, ரோஸ்மேரி இரண்டு முறை அடிக்கோடிட்டாள். மற்றதெல்லாம் அந்த ஒரு வரிக்காகத்தான்.

காட்சிசாலைக்குத் தொலைபேசியில் பேசினாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"கரடிக்கும் கடல்நாய்க்கும் நடுவுல ஒரு ஏத்தம் இருக்கில்லம்மா, அது எத்தன அடிக்கு எத்தன அங்குலம் ஏறுது?"

மறுமுனையில் இருந்த பெண் யாரையோ கேட்டுவிட்டு வந்து, "சக்கர நாற்காலி போகலாம் மேடம்" என்றாள்.

"போகலாம்னு எனக்கும் தெரியும். எங்கண்ணன் நூத்தியெம்பது பவுண்டு. எனக்கு முட்டி வலி. அதச் சொல்லு."

அவளால் சொல்ல முடியவில்லை. அதனால் ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் ரோஸ்மேரி தானே கிளம்பினாள். பள்ளி திறப்பதற்கு முன்னால் எங்கள் ஓட்டுநர்கள் காலிப் பேருந்தை ஒருமுறை தடம் முழுக்க ஓட்டிப் பார்ப்பார்கள். ஆனால் காலி நாற்காலியைத் தள்ளி என்ன தெரியப்போகிறது? வீட்டுக் குழாய்த் தண்ணீரை மென்மையாக்கப் போடுகிற உப்பு, நாற்பது பவுண்டு மூட்டை, நாலை நாற்காலியில் ஏற்றினாள். நூற்றறுபது ஆயிற்று. மீதி இருபது பவுண்டுக்கு உறைபெட்டியில் கிடந்த ஒரு வான்கோழியை எடுத்து உச்சியில் வைத்து, பட்டையால் இழுத்துக் கட்டினாள். அது பார்க்க அசிங்கமாக இருந்ததால் அதன்மேல் லென்னின் பழைய தொப்பியைக் கவிழ்த்தாள்.

அந்தக் கோலத்தில்தான் ரயில் ஏறினாள். சீட்டு கேட்டு வந்த நடத்துநர் தொப்பியைப் பார்த்தார், வான்கோழியைப் பார்த்தார்.

"இவரு யாரும்மா?"

"எங்கண்ணன்."

"கொஞ்சம் வெளுத்துப் போயிருக்காரே."

"ஒடம்பு சரியில்ல" என்றாளாம் ரோஸ்மேரி, சிரிக்காமல்.

சிகாகோ நகரப் பேருந்தில் ஏறி, காட்சிசாலை முழுவதும் தள்ளி, எங்கே முட்டி வலித்ததோ அங்கே வரைபடத்தில் புள்ளி வைத்தாள். ஏற்றத்தில் பாதியில் நின்றாளாம்; அந்த இடத்தில் "பெக்கும் தள்ள வேண்டும்" என்று குறித்திருக்கிறாள். வழியெல்லாம் வான்கோழி சொட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அன்று மாலையே அதை அடுப்பில் வைத்துவிட்டோம். லென்னும் சாப்பிட்டார். தனக்குப் பதிலாக ஊர் சுற்றி வந்தது அதுதான் என்று கேட்டதும், மாதக்கணக்காகச் சிரிக்காத மனிதர் இருமல் வருகிற வரை சிரித்தார்.

பயண நாள் நன்றாகத்தான் தொடங்கியது. ரயிலில் கூட்டமில்லை. நகரப் பேருந்து ஓட்டுநரைப் பற்றி ரோஸ்மேரி, "பிரேக்க மிதிக்கறான் பாரு, கரப்பான்பூச்சிய மிதிக்கற மாதிரி" என்று உரக்கச் சொன்னாள். காட்சிசாலை வாசலில் இறங்கும்போது நாற்காலியின் பட்டையில் அவளுடைய கடிகாரம் மாட்டி, வார் அறுந்துவிட்டது. எடுத்துக் கைப்பையில் போட்டாள். அதன்பிறகு நேரம் பார்க்க அவள் கை தன்னையறியாமல் போனுக்குப் போயிற்று. கைப்பைக்குள் சரியான நேரம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

போனில் பத்து ஐம்பது. தாளில் கடல்நாய் பன்னிரண்டரை. "அட, நெறைய நேரம் இருக்கே. இன்னிக்கு சீக்கிரமே பஸ்சு கெடச்சிருச்சில்ல" என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள். லென்னின் முகத்தில் களைப்பு தெரிந்தது. அதைப் பார்த்தபின் அவளுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. என் போன் சட்டப்படி பைக்குள் கிடந்தது. கழிப்பறைக்குப் போய்வர அரை மணி ஆயிற்று. பிறகு ஓக் மரத்து நிழலில் உட்கார்ந்து, ஓரம் வெட்டிய ரொட்டியில் முட்டை மசித்து வைத்ததை ஆற அமரச் சாப்பிட்டோம். லென் விழுங்குகிற வரை காத்திருந்து அடுத்த வாய் கொடுத்தாள். நான் வாத்துக்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். போனில் பன்னிரண்டேகால் ஆனதும் எழுந்து, ஏற்றத்தில் இருவருமாகத் தள்ளி, கடல்நாய்க் குளத்துக்கு வந்தோம்.

படிக்கட்டுகள் காலியாக இருந்தன. காலி வாளியைக் கழுவிக்கொண்டிருந்த பணியாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"மீன் போடறது எப்போங்க?" என்றேன்.

"பதினொன்னரைக்கே முடிஞ்சிருச்சே. எக்கச்சக்கக் கூட்டம். நிக்க எடமில்ல."

ரோஸ்மேரி போனைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒரு பிள்ளையையும் ஒரு நிமிடம் மழையில் நிற்க வைக்காதவள், பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"மெது நேரத்தப் பாத்துட்டேன்டா. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே பாத்துட்டேன். ஒன்னே ஒன்னு கேட்ட நீ, அதையும் கெடுத்துட்டேனே." அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு வாய் அடைத்துவிட்டது. அதையும் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

லென் எங்களைப் பார்க்கவில்லை. குளத்தின் இந்தப் பக்கம் கண்ணாடித் தடுப்பு தரையிலிருந்தே எழும்பியிருந்தது. நிற்பவர்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும், உட்கார்ந்திருப்பவருக்குத் தண்ணீருக்குள் நேராகத் தெரியும். வயிறு நிறைந்த ஒரு கிழட்டுக் கடல்நாய் மல்லாந்தபடி மிதந்து வந்து, அவர் முகத்துக்கு எதிரே நின்றது. மீசையில் காற்றுக் குமிழிகள். இரண்டு பேரும் அசையவில்லை.

"நல்ல... யூனியன்" என்றார் லென்.

ரோஸ்மேரி தலையைத் தூக்கினாள். அவர் இடது கையை வாய்க்குக் கொண்டுபோய், சட்டைக் கையின் நுனியைப் பல்லால் கடித்து மேலே இழுத்தார். உள்ளே அவருடைய தபால்காரக் கடிகாரம். மணி ஒன்று இருபத்தைந்து. எங்கள் ஊர் நேரம்.

"ஒனக்குத் தெரியுமாடா?"

"தெரியும்."

"பன்னண்டரைக்கே தெரியுமா? ரொட்டி தின்னுட்டு சும்மா உக்காந்திருந்தியே, பாவி!"

"கூட்டம்... வேணாம் ரோ." பிறகு கண்ணாடியைத் தாடையால் காட்டினார். "இது... நல்லா இருக்கு."

அவள் அவருடைய தொப்பியைப் பிடுங்கி, அதாலேயே அவர் தோளில் ஒரு அடி போட்டு, திரும்பவும் நேராக வைத்துவிட்டாள். முப்பத்தைந்து நிமிடம் அங்கேயே இருந்தோம். தாளில் கடல்நாய்க்குப் பதினைந்துதான். யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்த்த ஒருவன் கடல்நாய்தான். இந்தத் தவறுக்கு நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், ஐஸ்பெட்டியில் மிச்சமிருந்த முட்டை ரொட்டியை அந்தப் பணியாளருக்குக் கொடுத்தேன்.

"அடுத்த வருசம்..." என்று லென் தொடங்கினார். சொல் அகப்படவில்லை. "இதே நேரம்" என்று முடித்தார்.

ரோஸ்மேரி சிவப்புப் பேனாவை எடுத்து, அடிக்கோடிட்ட 12:30ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 1:25 என்று எழுதினாள். திரும்ப ரயிலைப் பிடிக்க வேண்டும். "மணி என்ன ஆச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, போன் இருந்த பைக்குக் கையைக் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தினாள். பிறகு குனிந்து, அண்ணனின் இடது கையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பி, சட்டையை விலக்கி நேரம் பார்த்தாள்.