கம்பளியானிடம் பேசிய பேரம்

ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம், போடிநாயக்கனூரில் நடந்தது இது. மலையில் ஏலக்காய் பறிப்பு மும்முரமாக இருந்த நேரம். நான் அப்போது ஏலக்காய்த் தரகன். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் மூட்டைக்கும் வெளியூரிலிருந்து வாங்க வரும் வியாபாரிக்கும் நடுவில் நின்று விலை முடித்துக் கொடுப்பது என் தொழில். பொழுது சாய்ந்தால் வேறொரு தொழில். சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிறுவர் மாத இதழில் மாயாஜாலத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். கடைத்தெருவில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் கிடையாது. தரகனுக்குப் புளுகச் சொல்லித் தரவேண்டுமா என்பார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பேன். எனக்கென்ன வந்தது?

அந்தக் கதை பிறந்ததும் ஒரு புளுகில்தான். எனக்கு ஒரே மகள். எட்டு வயது. வாய் ஓயாது, தூக்கத்தில்கூடப் பேசுவாள். ஒரு தடவை தோட்டத்தில் சரக்குப் பார்க்கக் கிளம்பியபோது அடம்பிடித்து என்னோடு ஜீப்பில் ஏறிக்கொண்டாள். போடிமெட்டு ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு எழுந்து நின்று பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். சொன்னால் கேட்கவில்லை. மேலே போகப் போக மூடுபனி இறங்கிப் பாதையை மறைத்தது. பயமுறுத்தி உட்காரவைக்கலாம் என்று, இது பனி இல்லை, கம்பளியான் வருகிறான் என்றேன். மலை அளவுக்குச் சாம்பல் நிறக் கம்பளி போர்த்தியவன், வாயாடுகிற பிள்ளைகளின் குரலைத் திருடி ஏலக்காய்க்குள் போட்டு அடைத்துவிடுவான், காய்ந்த ஏலக்காயைக் காதோரம் வைத்து ஆட்டினால் கலகலவென்று கேட்பது அந்தக் குரல்கள்தான் என்று வாய்க்கு வந்ததை எல்லாம் அவிழ்த்துவிட்டேன்.

அவள் உட்கார்ந்தாள். ஆனால் பயந்து உட்காரவில்லை. அவனுக்கு வீடு எங்கே, சோறு பொங்கிப் போடுவது யார், அவனுக்குப் பிள்ளை குட்டி உண்டா என்று ஜீப்பை விட்டு இறங்கும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

எழுத உட்கார்ந்தபோது நான் முறைப்படிதான் தொடங்கினேன். இளவரசன், வெள்ளைக் குதிரை, மந்திர வாள். எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டுவேன். இளவரசன் வருகிற இடமெல்லாம் கொட்டாவி விட்டாள். "இவன் எதுக்குப்பா சும்மா சும்மா வர்றான்? கம்பளியான் என்ன செஞ்சான், அதச் சொல்லுங்க" என்றாள். இரண்டாம் மாதமே இளவரசனைக் குதிரையோடு ஒரு கொண்டை ஊசி வளைவில் திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு கதை முழுக்கக் கம்பளியான்தான்.

அவனை நல்லவனாக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கடைசியில் திருந்திக் கும்பிடு போடுகிற அரக்கனைப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இவன் திருடுவான். அழுகிற குழந்தையைப் பார்த்துச் சிரிப்பான். ஆனால் மலையில் அவனுக்குப் பேச்சுத்துணை கிடையாது. பொழுது போகாமல் ஏலக்காய்களை ஒவ்வொன்றாகக் காதில் வைத்து ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அந்த இடத்தை வாசிக்கும்போது என் மகள் ஒருநாளும் கொட்டாவி விட்டதில்லை.

என் தொழிலையும் அவனுக்குக் கொஞ்சம் கொடுத்தேன். எங்கள் கடைத்தெருவில் அப்போது விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. வாங்குபவரும் விற்பவருக்காகத் தரகனும் வலது கையைக் கோத்துக்கொள்ள, மேலே ஒரு துண்டு விழும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. சம்மதம் என்றால் எதிராளியின் உள்ளங்கையில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அதுவரை கை துண்டுக்குள்ளேயே இருக்கவேண்டும். முன்னால் எடுத்துவிட்டால் பேரம் முறிந்தது. கம்பளியானும் இப்படித்தான். குரலைப் பறிகொடுத்த பிள்ளை துணிந்து அவன் கம்பளிக்குள் கையை விட்டால் விலை பேசலாம். அவனுக்குக் காசு வேண்டாம், நாள்தான் வேண்டும். என்னோடு மலையில் வந்து எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்பான். எத்தனை விரலோ அத்தனை நாள். அந்த இதழ் வந்தபிறகு எங்கள் தெருப் பிள்ளைகள் அப்பன்மாருடைய துண்டைத் தூக்கிக்கொண்டு வந்து இதே விளையாட்டாக விளையாடினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி பிறந்த சமயத்தில் பத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார். கதை நன்றாகத்தான் போகிறது, ஆனால் பிள்ளைகள் கெட்டவன் பக்கம் சாய்கிறார்கள் என்று பெற்றவர்கள் குறைப்படுகிறார்கள், கடைசிப் பகுதியில் அவனைக் கொன்று குரல்களை விடுவித்து முடித்துவிடுங்கள் என்றார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கேட்ட சரக்கைக் கொடுக்கிறவன்தானே தரகன். மகள்தான் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சமாதானம் சொல்லப் போனேன்.

"அவன் கெட்டவன்தாம்ப்பா. ஆனா அவங்கிட்டப் பேசிப் பாக்கலாம்ல?" என்றாள்.

சரி, பிறகு பார்ப்போம் என்று கடைசிப் பகுதியைத் தள்ளிவைத்தேன்.

அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மழையில் நனைந்திருப்பாள் என்று என் மனைவி கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மறுநாள் குரல் கம்மியது. அதற்கடுத்த நாள் காலையில் எழுந்து என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. கழுத்து வீங்கியிருந்தது. ஒவ்வொரு மூச்சையும் சத்தத்தோடு இழுத்தாள். டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் கரண்டிக் காம்பால் நாக்கை அமுக்கி விளக்கடித்துப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். தொண்டைக்குள் ஒரு படலம் படர்ந்திருந்தது. சாம்பல் நிறம். நான் கம்பளிக்குக் கொடுத்த அதே நிறம்.

தொண்டை அடைப்பான் என்றார் டாக்டர். "இதுக்கு ஊசி மருந்து நம்ம ஊர்ல இல்ல. மதுரைக்கு ஆள் அனுப்புங்க, வெரசா" என்றார். குழந்தை மிரளக்கூடாது, அழுதால் மூச்சு இன்னும் அடைக்கும், எப்படியாவது மருந்து வரும்வரை அமைதியாக வைத்திருங்கள் என்றும் சொன்னார். ராசிங்காபுரத்திலிருந்து அக்காள் மகளைப் பார்க்க வந்திருந்த என் மச்சினன் அவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டான்.

"இந்தா போறேன் மச்சான். நீங்க பிள்ளைய விட்டு நகராதீக" என்று சொல்லிவிட்டு பஸ்சுக்கு ஓடினான். போய்த் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மனைவி அடுப்படிக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மகளின் கண்ணைப் பார்க்க எனக்குப் பயம். பார்த்தால் நான் அழுதுவிடுவேன், என்னைப் பார்த்து அவளும் அழுவாள். ஆனால் அவள் முகத்தில் அழுகை இல்லை. என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெல்லக் கையை நீட்டி என் தோளில் கிடந்த துண்டை இழுத்தாள். என் வலது கையைப் பிடித்து அதன்மேல் துண்டைப் போட்டாள். தன் கையை உள்ளே விட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அவளைப் பொறுத்தவரை குரல் எங்கே போனது என்பதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் பயப்படவில்லை. யார் எடுத்தது என்று தெரியும், அவனிடம் பேசிப் பார்க்கலாம் என்றும் தெரியும். அவனுடைய தரகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

என் சுண்டுவிரலைப் பிடித்தாள். ஒரு நாள். என் குரலைக் கொடு, ஒரு நாள் உன் மலையில் வந்து இருக்கிறேன் என்று அர்த்தம்.

நான் தலையை ஆட்டினேன், போதாது என்று. முதல் கேள்விக்கே எந்தத் தரகன் முடித்திருக்கிறான்? அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள். கண்ணில் ஒரு குறும்பு வந்தது. மூச்சு இழுப்பதைக்கூட மறந்த மாதிரி இருந்தது. எனக்கு அது போதும். இப்படியே கொண்டுபோனால் மருந்து வந்துவிடும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு விரலைப் பிடித்தாள். நான் முகத்தைக் கோணலாக வைத்துக்கொண்டேன். மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள், மகள் குடிக்கவில்லை. மூன்று விரலைப் பிடித்தாள். கம்பளியான் ரொம்பக் கறாரான ஆள் ஆத்தா, கட்டாது என்கிறான் என்றேன். கண்ணை மூடி யோசித்தாள். பெரிய வியாபாரிகள் யோசிப்பது அப்படித்தான், கடைக்கு வந்தபோது பார்த்து வைத்திருப்பாள்.

மத்தியானம் கழிந்தது. மழை விடவில்லை. அவள் மூச்சுச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது. கண்ணைத் திறந்து, என் கை முழுவதையும் இறுக்கிப் பிடித்தாள். ஐந்து. அந்தக் கையில் அதற்குமேல் விரல் கிடையாது.

அப்போதே நான் கட்டைவிரலால் அழுத்தியிருக்கவேண்டும். அழுத்தவில்லை. முடித்துவிட்டால் அவள் கையை எடுத்துவிடுவாள். எடுத்தபிறகு குரல் எங்கே என்று கேட்பாள், நான் எங்கே போவேன்? அந்தக் கை என் கைக்குள் இருக்கும்வரை அவள் இருக்கிறாள் என்பதிலேயே என் புத்தி நின்றுவிட்டது. அதனால் மறுபடியும் தலையை ஆட்டினேன். இன்னும் வேண்டும் என்றேன். நான் என்ன கேட்டுக்கொண்டிருந்தேன் என்று யோசித்துப் பாருங்கள். பெற்ற பிள்ளையிடம், வீட்டை விட்டு இன்னும் எத்தனை நாள் போவாய் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குறும்பு இல்லை. கையை எடுக்கவும் இல்லை. முழுக்கையையும் பிடித்தபடியே கிடந்தாள்.

மச்சினன் தொப்பலாக நனைந்து மருந்துப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. வழியில் ஓடையில் வெள்ளம் வந்து பஸ்சு நின்றுவிட்டதாம். டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். கையை விடச் சொன்னார், அவள் விடவில்லை. வெளியே போய் மச்சினனிடம் மெதுவாக என்னவோ சொன்னார். அவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் விரல்கள் தளர்ந்தன.

அப்புறம்தான் நான் அழுத்தினேன். அந்தச் சின்ன உள்ளங்கையில் கட்டைவிரலால் திரும்பத் திரும்ப அழுத்தினேன். "முடிஞ்சது ஆத்தா, முடிஞ்சது. அஞ்சு போதும், ஒண்ணே போதும்" என்று சொன்னேனாம். எனக்கு நினைவில்லை, பிறகு மச்சினன் சொன்னான். என் கையை அந்தத் துண்டுக்குள்ளிருந்து உருவி எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததாம்.

என் மனைவி என்னை ஏசவில்லை. காரியமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு, ஒரு நாள் காலையில், அரிசி களைந்துகொண்டே ஒன்று கேட்டாள்.

"ஊர்ப் பிள்ளைக குரலை எல்லாம் களவாங்குறான்னு எழுதுனீகளே. நம்ம வீட்டுக்கு மட்டும் வரமாட்டான்னு ஒரு வரி சேத்து எழுதிருக்கக் கூடாதா?"

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே உட்கார்ந்து கடைசிப் பகுதியை எழுதினேன். கொன்றேன். ஆத்திரத்தோடு கொன்றேன். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கம்பளியைப் பிடித்து இழுக்கிறார்கள், உள்ளே ஒன்றுமே இல்லை, இத்தனை நாள் பேரம் பேசிய கைகூட இல்லை என்று முடித்தேன். ஆசிரியர் கைகூட இல்லை என்ற அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு, ஏலக்காய்கள் வெடித்துக் குரல்கள் வீடு திரும்பியதாக இரண்டு வரி சேர்த்துப் போட்டார். நல்ல முடிவு என்று பாராட்டும் எழுதினார். அவனைக் கொன்றதில் எனக்கு எள்ளளவும் ஆறுதல் கிடைக்கவில்லை. அவனாவது விலை சொன்னான். என் வீட்டுக்கு வந்தது விலை சொல்லாமலே எடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு நான் கதை எழுதவில்லை.

தரகு மட்டும் விடவில்லை, பிழைப்பு வேண்டுமே. ஆனால் அன்றிலிருந்து யார் என்ன விலை கேட்டாலும் முதல் கேள்விக்கே கட்டைவிரலை அழுத்திவிடுவேன். விற்க வந்தவர்கள் திட்டினார்கள். பிழைக்கத் தெரியாதவன் என்று கடைத்தெருவில் எனக்குப் பெயர் வந்தது. எதிராளி கையை உருவிக்கொண்ட பிறகும் என் கை கொஞ்ச நேரம் துண்டுக்குள்ளேயே கிடக்கும், அதற்கும் சிரிப்பார்கள். நான் எழுதிய புளுகுகளில் பெரிய புளுகு, எவ்வளவு கெட்டவனிடமும் பேசிப் பார்க்கலாம் என்பதுதான். அதை நம்பி என் பிள்ளை தன்னிடம் இருந்த ஐந்து விரலையும் நீட்டினாள், அதற்குக்கூட நான் சரி என்று சொல்லவில்லை என்பது இன்றுவரை என் உள்ளங்கையில் அழுத்திக்கொண்டே இருக்கிறது.